மகன் செய்து கொடுத்த குளியலறை

எங்கள் தெரு ஒரு முட்டுத்தெரு. உள்ளே வந்த கார் திரும்பித்தான் போகவேண்டும். அதனால் யார் வீட்டுக்கு யார் வந்தது, எந்த வான் எந்த வாசலில் நின்றது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எங்கள் ஊரான குவேக்கர்ஸ் ஹில்லில் இதைவிட வம்பு குறைந்த தெருக்கள் எத்தனையோ உண்டு. எங்களுக்கு வாய்த்தது இது. அதன் கடைசி வீட்டில் அங்கிள் இருந்தார். அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் நான் சொல்லப்போவது, நாலு பேர் காதில் விழக்கூடாது என்று அவர் பொத்திப் பொத்தி வைத்த விஷயம். பெயரையாவது விட்டுவிடுகிறேன்.

அங்கிளிடம் ஒரு வசனம் இருந்தது. "எங்களுக்கு ஒரு குறையும் இல்லை." எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் அதுதான் பதில், ஏதாவது வேணுமா என்று கேட்டாலும் அதுதான் பதில். ஒருமுறை காய்ச்சலில் கண் சிவந்து, போர்வையைப் போர்த்துக்கொண்டு குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தார். "விடுங்கோ அங்கிள், நான் கொண்டுபோய் வைக்கிறன்" என்றேன். "எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தும்மினார். தொட்டியை விடவில்லை.

கைநீட்டாத மனிதர். ஒருவரிடம் ஒன்றை வாங்கிவிட்டால் பதிலுக்கு ஏதாவது செய்யும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது. நானும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடு எங்களுடையது. அம்மா எதைச் சமைத்தாலும் கொஞ்சத்தை ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டுக் கடைசி வீட்டுக்கு அனுப்புவார். அன்று பின்னேரமே பெட்டி கழுவித் துடைத்துத் திரும்பி வரும். உள்ளே கறிவேப்பிலை இருக்கும், இல்லாவிட்டால் அவர் வீட்டு எலுமிச்சையில் பறித்த தேசிக்காய். வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் எல்லாரிடமும் உள்ள பழக்கம்தான். ஆனால் நாங்கள் ஆறுதலாக, வீட்டில் ஏதாவது நல்லதாகச் சமைக்கிற நாளில் பார்த்துக்கொள்வோம். அங்கிளுக்கு அன்றைக்கே கணக்குத் தீர வேண்டும்.

அம்மா இதைக் கண்டுபிடித்து விளையாடத் தொடங்கினார். ஒரு குளிர்காலத்தில், அங்கிளின் தோட்டத்தில் பறிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தே, காலையில் கத்தரிக்காய்க் குழம்பும் பின்னேரம் பயற்றங்காய்ப் பொரியலும் அனுப்பினார். "பாப்பம், மனுசன் என்ன செய்யிறார் எண்டு." காலைப் பெட்டியில் ஒரு பாக்கெட் தேயிலை வந்தது. பின்னேரப் பெட்டியில் உடுப்புக் காயப்போடுகிற கிளிப்புகள் வந்தன. அம்மா குசினிக்குள் அடுப்படியில் நின்று கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு எங்கள் உடுப்பெல்லாம் அந்தக் கிளிப்பில்தான் காய்ந்தது.

அவருடைய கார் பழுதாகிக் கிடந்த ஒரு நாள் அன்ரியை, அவருடைய மனைவியை, நான் பிளாக்டவுனில் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். மறுநாள் காலையில் புல்லுவெட்டுகிற சத்தம் கேட்டு எழும்பினால், எங்கள் முன்புல்லைப் பாதி வெட்டி முடித்திருந்தார். சட்டை மடிப்புக் கலையாமல், முழுக்கை போட்டுக்கொண்டுதான்.

"என்ன அங்கிள் இது?"

"சும்மா இருக்கக் கையெல்லாம் உளைஞ்சுது, பிள்ளை. அதுதான்."

அவர் வெட்டியதில் பாதிப் புல்லும் அம்மாவின் புதினாவும் போய்விட்டன. ஒன்றும் சொல்ல முடியுமா? நன்றி சொன்னோம்.

அவர்களுக்கு ஒரேயொரு மகன். மெல்பேனில், ரோவில் என்ற இடத்தில் இருந்தான். நான் அவனை இரண்டொரு தரம்தான் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான் என்பது தெருவுக்கே தெரியும், ஏனென்றால் அங்கிள் வாசலில் நடந்து நடந்து சத்தமாகப் பேசுவார். "ஓமோம். அம்மா சுகமா இருக்கிறா. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் உங்கட பாட்டைப் பாருங்கோ." அதோடு போன் வைக்கப்படும். நல்ல மனிதர், பிள்ளையைக் கரைச்சல்படுத்துகிறாரில்லை என்று நாங்களும் மெச்சினோம்.

பிறகு அன்ரிக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தார், ஆனால் அந்த வீடு அவருக்கு உதவாமல் போயிற்று. பின்பக்கம் இறங்கப் படி. குளியலறையில் உயரமான பழைய குளியல் தொட்டி, அதற்குள் கால் தூக்கி வைத்தால்தான் குளிக்கலாம். அங்கிள் அன்ரியை உடுப்புத் தோய்க்கிற அறையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, வாளியில் தண்ணீர் அள்ளி வார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒருநாள் தற்செயலாகப் பின்கதவால் போனபோது இதைக் கண்டுவிட்டார். அங்கிள் வாளியை வைத்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினாராம். அம்மா வந்து உடனே சொதி வைத்தார். அன்று அனுப்பிய சொதிக்கும் கறிவேப்பிலை வந்தது.

கொஞ்ச மாதத்தில் அந்த வீட்டில் வேலை தொடங்கியது. இரண்டு வேலைக்காரர்கள், பலகையும் ஓடும் சுமந்துகொண்டு தெருவுக்குள் நடந்து வந்தார்கள். வான் எங்கே என்றால் வளைவைத் தாண்டிப் பூங்கா ஓரத்தில் நின்றது. சாமான் ஏற்றி இறக்குகிறவர்கள் ஏன் அவ்வளவு தூரத்தில் விட்டார்கள் என்று எங்களுக்கு விளங்கவில்லை. அங்கிள் வாசலில் நின்று எல்லாருக்கும் சொன்னார்:

"மகன் செய்விக்கிறான். தாய்க்குக் கஷ்டமெண்டு மெல்பேனில இருந்தே ஆள் பிடிச்சு அனுப்பியிருக்கிறான். வேண்டாமெண்டனான், கேக்கிறானில்லை."

அந்த நாட்களில் அங்கிள் காலையிலேயே தலைவாரி, அயன் பண்ணிய சட்டையோடு நின்றார். வேலைக்காரர்களுக்கு மத்தியானம் இடியப்பமும் சொதியும் சம்பலும். அவரே அவித்தார். பாவம், அவர்கள் தங்கள் சாண்ட்விச்சையும் சாப்பிட்டு இதையும் சாப்பிட்டு, பின்னேரம் குந்தியிருந்து ஓடு பதிக்க முடியாமல் முனகினார்கள். உடைத்த கல்லையெல்லாம் அங்கிளே அள்ளி வெளியே கொட்டினார். செய்து தருகிறவர்களுக்குத் தானும் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் செய்தி கோயிலுக்குப் போய்விட்டது. பிள்ளையென்றால் இப்படியல்லவோ இருக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போகிற மாதிரி வாழைப்பழமும் கேக்கும் வாங்கிக்கொண்டு ஒரு குளியலறையைப் பார்க்கப் போனார்கள். அம்மாவும் போனார். வழுக்காத சாம்பல் நிறத் தரை, விளிம்பே இல்லாமல் நேராக நடந்து போகிற குளிக்கும் இடம், சுவரில் மடிகிற இருக்கை, பிடிக்க வெள்ளைக் கம்பிகள். பின்னால் படிக்குப் பதில் சரிவுப் பாதை. அன்ரி கட்டிலில் இருந்து சிரித்தாராம்.

அம்மா திரும்பி வந்து தேத்தண்ணிகூடக் குடிக்காமல் தொடங்கினார்.

"பிள்ளையெண்டால் அது பிள்ளை. இங்க நானும் ஒரு பிள்ளை பெத்து வைச்சிருக்கிறன். அந்தத் தொட்டிக்குள்ள நான் ஏறி இறங்கிறது உனக்குக் கண்ணில படேல்லையோ?"

எனக்கு முகம் எரிந்தது. பல் வைத்தியரிடம் வரவேற்பு வேலை, அதுவும் அரைநேரம். என்னவர் விட்டுப் போனபிறகு வீட்டுச் செலவே இழுபறி. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னார், அதுதான் சுட்டது. அடுத்தநாள் வெட்கத்தை விட்டு அங்கிளிடம் போனேன். அந்த வேலைக்காரர்களின் போன் நம்பரைத் தந்தால், கொஞ்சம் கொஞ்சமாகவாவது செய்விக்கலாம் என்று கேட்டேன்.

அங்கிள் என்னைப் பார்க்காமல் எலுமிச்சை மரத்தைப் பார்த்தார்.

"அவங்கள் திரும்பிப் போயிட்டாங்கள், பிள்ளை."

"மெல்பேனுக்கோ? நம்பர் இருக்குந்தானே. மகனைக் கேட்டாலும்..."

"அவனைக் கரைச்சல்படுத்தக்கூடாது. பாப்பம். கேட்டுப் பாக்கிறன்."

பிறகு நான் வாசலில் நின்றால் அவர் உள்ளே போனார். என்ன மனிதர், ஒரு நம்பர் தந்தால் தேய்ந்தா போய்விடுவார் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அம்மா வழக்கம்போலப் பெட்டி அனுப்பினார். பெட்டி திரும்பி வந்தபோது கறிவேப்பிலை நிறைய நிறைய இருந்தது, மூடி மூட முடியாத அளவுக்கு.

அம்மா தொட்டிக்குள் வழுக்கி விழுந்தது அந்த மாதம்தான். மணிக்கட்டு முறிந்தது. தலையும் தொட்டி விளிம்பில் அடிபட்டது, நல்ல காலம் மண்டை உடையவில்லை. மாவுக்கட்டோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து காரால் இறக்கும்போது அங்கிள் எதிரே வந்துவிட்டார். கட்டைப் பார்த்தார்.

"எங்க விழுந்தவா?"

"பாத்ரூமிலதான்" என்றேன். அந்த ஒரு சொல்லும் கொஞ்சம் காரமாகத்தான் வந்தது.

அவர் திரும்பி நடந்தார். மறுநாள் நான் வேலைக்குப் போகக் காரைத் திறக்கிறேன், பக்கத்தில் வந்து நிற்கிறார். அன்று சட்டை அயன் பண்ணியிருக்கவில்லை.

"பிள்ளை, அது மகன் செய்யேல்லை."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"கவுன்சில் செய்து தந்தது. எங்கட நகரசபைதான். வீடு சொந்தமா இருந்து, பென்ஷனில மட்டும் சீவிக்கிற ஆக்களுக்கு அவை தங்கட செலவில திருத்தித் தருவினம். ஆஸ்பத்திரியில வேலை செய்யிற ஒரு பிள்ளைதான் சொல்லி எழுதிவிட்டது. வானில கவுன்சில் பேர் கிடந்தது, அதுதான் பூங்காவடியில விடச்சொன்னனான்." ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினார். "நம்பர். அம்மாவும் பென்ஷன்தானே, வீடும் அவவின்ர, அவவுக்கும் குடுப்பினம். அண்டைக்கே தந்திருக்க வேணும். தந்திருந்தா அவ விழுந்திருக்கமாட்டா."

"மகன் ஒண்டும் செய்யேல்லையோ, அங்கிள்?"

"அவனுக்கு அங்க ஆயிரம் சோலி."

அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. பிறகு, "ஒருத்தருக்கும் சொல்லாதையும். அம்மாவுக்கும்" என்றார். நான் தலையாட்டினேன். அன்று வேலைக்குப் போகிற வழியெல்லாம் அந்த மகனைத் திட்டிக்கொண்டு போனேன். பெற்ற தாய் வாளித் தண்ணீரில் குளிக்கிறாள், இவர் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை ஹலோ சொல்கிறாராம். அந்தக் கிழம் அவனுக்குப் புண்ணியம் தேடிக் கொடுத்துக்கொண்டு திரிகிறது.

எங்கள் வீட்டுக்கும் கவுன்சில் வந்தது. அதே இரண்டு பேர், அதே வான். எங்கள் வாசலிலேயே நின்றது, பக்கத்தில் பெரிய எழுத்தில் பெயரோடு. அம்மா அதைப் பற்றி ஒளிக்கவே இல்லை. மாவுக்கட்டு அவிழ்த்த கையை ஆட்டி ஆட்டித் தெருவுக்கே அறிவித்தார். "கவுன்சில் செய்து தருகுது. இத்தனை வருசம் ரேட்ஸ் வரி கட்டினனாங்கள்தானே. இதென்ன பிச்சையோ?" அங்கிள் அந்த நாட்களில் எங்கள் வீட்டைக் கடக்கும்போது எதிர்ப்பக்க நடைபாதையால் போனார். வேலைக்காரர் ஒருவர் அவரைக் கண்டு கைகாட்டினார். அங்கிள் வானத்தைப் பார்த்தார். எனக்குத்தான் அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது. யாருக்காக வெட்கப்பட்டேன் என்று இன்றும் தெரியாது.

எங்கள் குளியலறையும் முடிந்தது. சாம்பல் நிறத் தரை, விளிம்பில்லாத இடம், மடிகிற இருக்கை, வெள்ளைக் கம்பி. அம்மா முதல்நாள் உள்ளே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கன நேரம் நின்றார். வெளியே வந்து, "நல்லாயிருக்கு" என்றார். அவ்வளவுதான். அவர் ஒன்றையும் கவனிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். என் அம்மாவைப் பற்றி நான் அப்படி நினைத்தது என் விசர், என் மடமை.

அடுத்த வருடம் அன்ரி போய்விட்டார். நித்திரையிலேயே போனார், கஷ்டப்படவில்லை. செத்தவீட்டுச் சன நெருக்கத்தில் மகனோடு ஒருவரும் பேசவில்லை. முப்பத்தோராம் நாள் சடங்குச் சாப்பாடு அவர்கள் வீட்டில். மகன் மெல்பேனில் இருந்து வந்து வாழையிலை போட்டுப் பரிமாறிக்கொண்டு நின்றான். தகப்பனைப்போலவே நெட்டை, தகப்பனைப்போலவே மடிப்புக் கலையாத சட்டை. அங்கிள் பாயச வாளியோடு பின்னால் வந்தார். அம்மா இலையில் இருந்து நிமிர்ந்து, அறை முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"தம்பி, உம்மட அம்மா கடைசிக் காலத்தில ஒரு கஷ்டமும் இல்லாமல் குளிச்சா எண்டால் அது நீர் செய்து குடுத்த பாத்ரூமாலதான். எந்தப் பிள்ளை இந்தக் காலத்தில இப்பிடிச் செய்யும்? நல்லாயிருப்பீர்."

பக்கத்தில் இருந்தவர்களும் ஓம் ஓம் என்றார்கள். மகன் கையில் பருப்புக் கரண்டியோடு அப்படியே நின்றான். எந்தப் பாத்ரூம் என்று அவன் கேட்டுவிட்டால் அவ்வளவுதான், தகப்பனின் மானம் கப்பலேறிவிடும். அவன் தகப்பனைப் பார்த்தான். தகப்பனின் முகத்தில் எதைக் கண்டானோ, அம்மாவின் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னான்:

"ஓம் அன்ரி. அம்மாவுக்குச் செய்யாமல் வேற ஆருக்கு..."

அவன் முடிக்கவில்லை. அங்கிள் பாயச வாளியை நிலத்தில் வைத்தார்.

"அவன் செய்யேல்லை" என்றார். "கவுன்சில் செய்து தந்தது. நான்தான் எல்லாருக்கும் பொய் சொன்னனான்."

யாரோ ஒருவர், "அதிலென்ன அண்ணை, இப்ப ஏன் அதை" என்று இழுத்தார்.

"நான் சொல்லலாம். அவன் எனக்காகச் சொல்லக்கூடாது." அங்கிளின் கை சட்டையின் முன்பக்கத்தை நீவிக்கொண்டே இருந்தது. "அவனில பிழையில்லை. நான் கேக்கேல்லை. கேட்டிருந்தா செய்திருப்பான்."

மகன் கரண்டியை வைத்தான்.

"நான் கேட்டனான் அப்பா. ஒவ்வொரு கிழமையும் கேட்டனான், அம்மா எப்பிடி எண்டு. ஒரு குறையும் இல்லையெண்டு சொன்னீங்கள்." அவனுக்கு நாற்பது வயதிருக்கும். சின்னப் பிள்ளை மாதிரி வாய் கோணியது. "அவவால நடக்க ஏலாதெண்டே எனக்குத் தெரியாது. லேசான வருத்தம், சுகமாகீட்டா எண்டீங்கள். நான் வாறன் எண்ட நேரமெல்லாம் வேண்டாம், வேலையைப் பார் எண்டீங்கள். செத்தவீட்டுக்கு வந்துதான் அந்தக் கம்பியைக் கண்டனான்."

எல்லாரும் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். காரில் போகிற வழியெல்லாம் நான் அவனைத் திட்டிய திட்டு ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. அங்கிள் குனிந்து வாளியைத் தூக்கி, விட்ட இடத்தில் இருந்து பாயசம் விடத் தொடங்கினார். என் இலைக்கு வந்தபோது பாயசத்தைச் சோற்றின் மேலேயே ஊற்றிவிட்டார். நான் அதைக் குழைத்துச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மாவைக் கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதோ, அது மகன் செய்யேல்லையெண்டு?"

"எனக்கென்ன கண் பொட்டையோ? ரெண்டு வீட்டிலையும் ஒரே கம்பி."

"பிறகேன் சொன்னீங்கள்?"

"மனுசனுக்கு மனம் குளிரட்டுமெண்டு சொன்னனான்." அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம். என்ர மூதேசி வாய்."

மகன் தன்னோடு வரச்சொல்லித் தகப்பனைக் கூப்பிட்டானாம். அங்கிள் போகவில்லை. அவன் போன பிறகு கொஞ்ச நாள் கடைசி வீட்டுக் கதவு திறக்கவே இல்லை. அம்மா சோறும் பருப்பும் வாழைக்காய்க் கறியும் பெட்டியில் போட்டு என்னிடம் தந்தார். கதவடியில் வைத்துவிட்டு மணியை அடித்துவிட்டு வந்தேன். முகத்தைப் பார்க்கிற துணிவு எனக்கு இல்லை.

அன்று பின்னேரம் பெட்டி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கும் அடுத்தநாள் நான் வாசலில் உடுப்புக் கூடையோடு நிற்கும்போது அங்கிள் தெருவால் நடந்து வந்தார். சவரம் செய்திருக்கவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கழுவித் துடைத்திருந்தது, மூடியைக் காணவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை. அவருடைய கறிவேப்பிலை மரம் வேலிக்கு மேலால் தளதளவென்று நிற்பது எங்கள் வாசலில் இருந்தே தெரிந்தது.

"அம்மா நிக்கிறாவோ?"

"உள்ள நிக்கிறா, அங்கிள். வாங்கோ."

அவர் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு அந்த வெறும் பெட்டியை என் பக்கமாக நீட்டினார்.

"நாளைக்கும் கொஞ்சம் தருவாவோ எண்டு கேளும், பிள்ளை."

தெருவில் யாரும் பார்க்க முன்னம் அதை அவர் கையில் இருந்து வாங்கி, உடுப்புக் கூடைக்குள் வைத்து மூடினேன்.